குறைத்து எழுதிய இருபத்து மூன்று அடிகள்

பொன்மலை
18-11-2024

கோபு சார் அவர்களுக்கு,

என்னுடைய இருபத்து மூன்று அடிகளை நீங்கள் மறைத்துவிட்டீர்கள். மூன்று சனிக்கிழமை, மூன்று ஸ்கோர் அட்டை, மூன்றிலும் பொய். முதல் அட்டையில் நான் அடித்தது நூற்று இரண்டு. நீங்கள் எழுதியது தொண்ணூற்று நாலு. அடுத்ததில் தொண்ணூற்று ஒன்பதைத் தொண்ணூற்று மூன்று ஆக்கினீர்கள். கடைசியில் நூற்று நாலு தொண்ணூற்று ஐந்து ஆனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை போனில் பேச எனக்கு விருப்பமில்லை. போனில் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். காகிதத்தில் சிரிக்க முடியாது. அதனால் உங்கள் நம்பரைத் தடை செய்திருக்கிறேன். பதில் இருந்தால் தபாலில் வரட்டும்.

உங்கள் வீட்டில் குமுதவல்லி அம்மா கடிதங்களைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். அம்மா, கோல்ஃப் ஆட்டத்தில் ஹாண்டிகேப் என்று ஒரு எண் உண்டு. நன்றாக ஆடத் தெரிந்தவனைவிட நாம் எத்தனை அடி கூடுதலாக எடுக்கிறோம் என்பதுதான் அது. எண் பெரிதாக இருந்தால் ஆட்டம் சுமார் என்று அர்த்தம். என் எண் இருபத்தேழு. பிப்ரவரியில் நாம் நாலு பேரும் இலங்கை போவதாக இருக்கிறோமே, அந்தப் பயணத்தை நடத்தும் பெனடிக்ட் தன் குழுவில் இருபத்து நாலுக்கு மேல் உள்ளவர்களைச் சேர்க்க மாட்டார். உங்கள் வீட்டுக்காரர் அட்டையில் அடிகளைக் குறைத்து எழுதி என் எண்ணை இருபத்தொன்று ஆக்கிவிட்டார். நேற்று பெனடிக்ட் அனுப்பிய பட்டியலில் ‘ராசப்பன் - 21’ என்று பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. உடனே மைதானத்துக்குப் போய் மூன்று அட்டையையும் எடுத்துப் பார்த்தேன்.

சார், ஒருவர் அட்டையை மற்றவர் எழுத வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு குழி முடிந்ததும் நான் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு வேறொன்றை எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் அட்டையை நீட்டினீர்கள். உங்களை நம்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

எண்ணிக்கை தவறியிருக்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள். என் கால்சட்டையின் இடது பையில் நூற்றிருபது புளியங்கொட்டை இருக்கும், உங்களுக்கே தெரியும். அடிக்கு ஒன்று வலது பைக்குப் போகும். வீட்டுக்கு வந்து கட்டிலில் கொட்டி எண்ணுவேன். என் வீட்டுக்காரி இருசம்மாள் துணி துவைக்கும்போது மிச்சம் கிடைத்தால் திட்டுவாள். அந்தத் திட்டையும் நான் இருபத்தாறு வருஷமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மைதானச் செயலாளர் சகாயநாதனிடம் போய், மூன்று அட்டையும் பொய் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பதினைந்து நாள் தருகிறேன்.

இப்படிக்கு,
ரா. ராசப்பன்


கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
22-11-2024

ராசப்பா,

உன் கடுதாசி வந்தது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு, “என்ன சார், உள்ளூர்லேர்ந்து உள்ளூருக்கு லெட்டர்? கோர்ட்டு விஷயமா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

குமுதவல்லி உன் கடிதத்தை எனக்கு முன்னால் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “ராசப்பன் சொல்றதுதானே நியாயம்? பொய் எழுதினேளா இல்லையா, அதைச் சொல்லுங்கோ” என்று சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்டாள். காபி வர அரைமணி ஆனது. உனக்குத் திருப்தியா?

சரி, கொஞ்சம் குறைத்துப் போட்டேன். கொலை பண்ணிவிட்டேனா? நம் மைதானத்தின் லட்சணம் உனக்குத் தெரியாதா? குழியைச் சுற்றிப் புல்லா இருக்கிறது, எண்ணெய் கலந்த மணல்தானே! அதற்கு பிரவுன் என்று ஒரு பெயர் வேறு. ஒவ்வொரு தடவையும் பலகையால் இழுத்துச் சமப்படுத்தினால்தான் பந்து ஓடும். தரை முழுக்கக் கல். ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். நடுவில் ஆடு. பந்து மோசமான இடத்தில் கிடந்தால் ஒரு கோல் தூரம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று நம் கமிட்டியே விதி போட்டிருக்கிறது. நான் நகர்த்துகிறேன், எல்லாரும் நகர்த்துகிறார்கள். நீ ஒருத்தன்தான் முள்ளுக்குள் கிடந்தாலும் கிடந்த இடத்திலிருந்தே அடிப்பேன் என்று நிற்கிறாய். அப்புறம் எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும்? நீயும் எங்களைப் போல நகர்த்தி வைத்திருந்தால் இருபத்தொன்றுதான் வந்திருக்கும். நான் அதைத்தான் எழுதினேன். ஒருவிதத்தில் அதுதான் உண்மையான எண்.

இலங்கையில் பார், பச்சைப் புல். பெனடிக்ட் படங்களைக் காட்டினார். நம்ம ஏர்போர்ட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே ஒரு மைதானத்துக்கு நடுவிலேயே ரயில் போகிறதாம்! ஆட்டத்தை நிறுத்தி வழி விட வேண்டுமாம். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேலே உழைத்த நமக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அப்புறம் கண்டி. அங்கே ஏரிக்கரையில் ஒரு மைதானம். அங்கிருந்து மலை ரயில், தேயிலைத் தோட்டம், மேலே குளிரில் ஒரு மைதானம். வருகிறவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அடிக்க முடியுமாம். இந்த ஊரில் பிறந்தவன் ஸ்வெட்டர் போட்டு கோல்ஃப் ஆடினான் என்றால் யார் நம்புவார்?

எட்டு வருஷமாகப் போடுகிற திட்டம் இது. கொரோனாவில் நின்றது. அப்புறம் அங்கே பெட்ரோல் இல்லை என்று நின்றது. இப்போது உன் புளியங்கொட்டையில் நிற்க வேண்டுமா?

பெயர் உறுதி செய்யக் கடைசி நாள் டிசம்பர் 20. கோபத்தைக் காவிரியில் போட்டுவிட்டு வா. சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் இருப்பேன்.

அன்புடன்,
கோபு


பொன்மலை
27-11-2024

கோபு சார்,

சனிக்கிழமை நீங்கள் வந்து முதல் குழியில் முக்கால் மணி நேரம் நின்றதாகச் சொன்னார்கள். நான் வரவில்லை. வரவும் மாட்டேன்.

‘ஒருவிதத்தில் அதுதான் உண்மையான எண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஒருவிதம், இன்னொரு விதம் என்று கிடையாது. பந்து எங்கே கிடந்ததோ அங்கிருந்து அடித்தேன். எத்தனை தடவை அடித்தேனோ அத்தனை. நகர்த்தி வைக்க விதி இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நான் அடிக்காத ஆட்டத்துக்கு நீங்கள் எனக்கு எண் போட்டிருக்கிறீர்கள்.

இருசம்மாள் என்ன கேட்டாள் தெரியுமா? “அந்த ஐயங்காரு குறைச்சுத்தானே எழுதினாரு, கூட்டி எழுதலையே! இதுக்கா சோத்துத் தட்டை நகத்தி வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1986. மெஷினிஸ்ட் முதல் கிரேடு தேர்வு. நாற்பத்தொரு பேர் எழுதினோம். முதல் மார்க் என்னுடையது. ஒதுக்கீட்டில் முதல் அல்ல, மொத்தத்தில் முதல். அந்தப் பட்டியலை டைப் அடித்தவர் யார்? பர்சனல் பிராஞ்சில் அப்போது கிளார்க்காக இருந்த கோபு. நோட்டீஸ் போர்டில் மார்க்கோடு ஒட்டியவரும் அவர்தான். அப்படி ஒட்டியும் ஒர்க்‌ஷாப்பில் என்ன பேசினார்கள்? “ராசப்பனுக்கென்னப்பா, அவங்களுக்குக் குறைச்சுப் போட்டாலே பாஸ்.” போர்டு பத்தடி தூரத்தில் இருந்தது. ஒருத்தன் நடந்து போய்ப் பார்க்கவில்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டேன். பதிலுக்கு நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. என் லேத்திலிருந்து போன உருப்படி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் குறைத்துப் போட்டார்கள் என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள். முதல் தடவையாக ஒருத்தர் எனக்கு உண்மையிலேயே குறைத்துப் போட்டிருக்கிறார். அதுவும் அந்தப் பட்டியலை டைப் அடித்த கை. இது உங்களுக்கு உறைக்கவில்லை என்றால் நான் எழுதி என்ன பிரயோசனம்?

இன்னொன்று. இருபத்தாறு வருஷமாக நான் ‘சார்’, நீங்கள் ‘ராசப்பா, நீ’. நீங்கள் ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தோடு அது நின்றது.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

ராசப்பன்


ஸ்ரீரங்கம்
4-12-2024

திருவாளர் ராசப்பன் அவர்களுக்கு,

‘அவர்கள்’ போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

நான் சகாயநாதனிடம் போகவில்லை. போகப்போவதும் இல்லை. எழுபத்திரண்டு வயதில், “நான் பொய் எழுதினேன், மன்னிச்சுக்கோப்பா” என்று அவனிடம் போய் நிற்க வேண்டுமா? நான் வேலையில் சேர்த்த பையன் அவன். மைதானம் முழுக்கச் சிரிப்பார்கள். உங்களுக்கு அதுதான் வேண்டும் போல இருக்கிறது.

முந்தாநாள் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்தேன். பஸ் பிடித்து, அப்புறம் ஆட்டோ பிடித்து வந்தேன். உள்ளே டிவி ஓடுகிறது. கதவைத் தட்டினால் டிவி நிற்கிறது. கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அற்புதம்மாள், “அவரு உள்ளதான் இருக்காரு சார், நல்லாத் தட்டுங்க” என்கிறாள். எனக்கு இது தேவையா?

இந்த ஊரில் ஒருத்தன் ஒருத்தனுக்கு நல்லது செய்தால் நன்றி சொல்வான். இல்லை, பேசாமலாவது இருப்பான். நீங்கள் விசாரணைக் கமிஷன் வைக்கிறீர்கள். 1986-ஐ ஞாபகப்படுத்துகிறீர்களே, 1998 ஞாபகம் இருக்கிறதா? ஆபீசர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தில் உங்களை கேட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது யார்? வருகைப் புத்தகத்தில் ‘என் விருந்தாளி’ என்று கையெழுத்துப் போட்டது யார்? எத்தனை பேர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று உங்களிடம் ஒருநாளாவது சொன்னேனா?

வேண்டாம். உங்கள் இருபத்தேழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் இலங்கைக்குப் போகிறேன். தனியாகப் போகிறேன்.

கோபு


பொன்மலை
9-12-2024

கோபு,

கதவைத் திறக்காதது நான்தான். இருசம்மாள் திறக்கப் போனாள், வேண்டாம் என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இதை மறைக்க ஒன்றும் இல்லை.

1998 ஞாபகம் இருக்கிறது. உங்களுக்குத்தான் பாதி ஞாபகம். மீதியை நான் சொல்கிறேன்.

அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே நான் ஆட ஆரம்பித்துவிட்டேன். இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் கோல்ஃப் பற்றி ஒரே ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். படங்கள் எல்லாம் வலது கைக்காரனுக்குப் போட்டவை. நான் இடது கை. அதனால் புத்தகத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இடது கைக் கோல் எங்கும் கிடைக்கவில்லை. பழைய இரும்பில் கோலுக்கு ஒரு தலையை நானே கடைந்தேன். ஷிப்ட் முடிந்ததும் மைதானத்து வேலிக்கு வெளியே கருவேலங்காட்டில் போய் நிற்பேன். ஆபீசர்கள் அடிக்கும் பந்து அங்கே வந்து விழும். “ஏய், பந்தைப் போடு!” என்று உள்ளே இருந்து கத்துவார்கள். எறிய மாட்டேன். அடிப்பேன். கத்தினவர் காலடியில் போய் விழும்.

அப்படி ஒருநாள் உங்கள் காலடியில் விழுந்தது. வேலியோரம் வந்து, “யாருப்பா அடிச்சது?” என்றீர்கள். நான் என்றேன். “இன்னொண்ணு அடி பார்க்கலாம்” என்றீர்கள். அடித்தேன். அடுத்த சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப் போனீர்கள். ஏன்? உங்களோடு ஜோடி சேர்ந்து ஆட ஆள் இல்லை. கிளார்க்காக இருந்து மேலே வந்தவர் என்று மற்ற ஆபீசர்கள் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு கேட் வேண்டியிருந்தது, உங்களுக்கு ஜோடி வேண்டியிருந்தது. அதை நான் எப்போதும் தர்மமாக நினைத்ததில்லை. நீங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

பெனடிக்டுக்கு போன் செய்து குழுவிலிருந்து என் பெயரையும் இருசம்மாள் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். “ஏன் சார், உங்களுக்குத்தான் 21 இருக்கே!” என்றார். எனக்கு அது இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

போன சனிக்கிழமை பிற்பகல் தனியாக ஆடினேன். பிரவுனை நானே இழுத்தேன், கொடியை நானே பிடித்தேன். நூற்று மூன்று.

ராசப்பன்


ஸ்ரீரங்கம்
16-12-2024

ராசப்பன்,

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே, வரி மேலும் கீழும் போகிறதே என்று பார்க்காதீர்கள். காரணம் கீழே இருக்கிறது.

இன்று மார்கழி பிறந்தது. விடிகாலையில் எழுந்து பெருமாளை சேவிக்கப் போனேன். போன வருஷம் வரைக்கும் சன்னதியில் நின்றால் திருமுகம் தெரியும். இன்று விளக்கின் வெளிச்சம் தெரிந்தது, ஓரத்தில் திருமாலைகள் தெரிந்தன, நடுவில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. அங்கே ஒரு சாம்பல் நிறப் பொட்டு.

இரண்டு கண்ணிலும் அதுதான். தில்லை நகரில் டாக்டரிடம் ஒன்றரை வருஷமாகப் போகிறேன். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார். ஆறு ஊசி ஆயிற்று. நடுப்பார்வைதான் முதலில் போகுமாம், ஓரப் பார்வை நிற்குமாம். அடுத்த வருஷம் பந்து தெரியுமா என்று கேட்டேன். “இந்த வருஷம் எங்க போகணுமோ போயிட்டு வந்துடுங்க சார்” என்றார். குமுதவல்லிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தரையில் கிடக்கும் பந்தை, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்து, எப்படியோ அடித்துவிடுகிறேன். அடித்த பிறகு அது எங்கே போகிறது என்பது எனக்குத் தெரிவதே இல்லை. நீங்கள் சொல்வீர்கள், “இடது பக்கம், பனைமரத்துக்கு இந்தாண்டை.” நான் அங்கே நடப்பேன். ஒரு வருஷமாக அப்படித்தான் ஆடுகிறேன். நீங்கள் இல்லாத இந்த நாலு சனிக்கிழமையில் எட்டுப் பந்தைத் தொலைத்தேன். காஜா மைதீன் ஜோடி சேர்ந்தார். அவர் போன் பார்ப்பாரே தவிர பந்தைப் பார்க்க மாட்டார்.

உங்கள் எண் இருபத்து நாலுக்கு மேல் போனால் குழுவில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் வராமல் நான் இலங்கையில் போய் என்ன செய்வேன்? தெரியாத ஊரில் தெரியாத புல்லில் நின்று, ‘என் பந்து எங்கே’ என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டா? அதனால்தான் குறைத்து எழுதினேன். உங்களுக்காக எழுதவில்லை. எனக்காக எழுதினேன். உங்களுக்கு நல்லது செய்ததாகப் போன கடிதத்தில் எழுதியது பொய். கேட்டுக்குள் கூட்டிப் போனதைச் சொல்லிக் காட்டியதும் அசிங்கம். அதை எழுதிய அன்றைக்கே தபாலில் போட்டுத் தொலைத்தேன், ஒருநாள் வைத்திருந்தால் கிழித்திருப்பேன்.

இந்தக் கண் விஷயத்தை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பீர்கள், வந்தும் இருப்பீர்கள். அதுவும் தெரியும். ஆனால் ‘பாவம், கண் தெரியாத மனுஷன்’ என்று நீங்கள் என்னோடு வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

சகாயநாதனிடம் இன்னும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. 20-ஆம் தேதியைப் பற்றி இனிமேல் எனக்குக் கவலை இல்லை.

கோபு


பொன்மலை
21-12-2024

கோபு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இருசம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போயி கூட்டிக்கிட்டு வாங்க அந்த மனுசனை” என்றாள். நான் போகவில்லை. முதலில் எழுத வேண்டியது இருக்கிறது.

நீங்கள் அடித்ததும் என் முகத்தைப் பார்ப்பீர்கள். பந்து போகிற திசையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பீர்கள். ஒரு வருஷமாகக் கவனித்தேன். ‘பிரமாதம் சார்’ என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் உங்களைக் கேலியும் செய்தேன். அது தப்பு என்று இன்று தெரிந்தது.

ஆனால் கணக்கு கணக்குதான். இரக்கம் உங்களுக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே இரக்கம் மாதிரி ஒன்றை எனக்கு மட்டும் எப்படிக் கொடுக்கலாம் என்று நினைத்தீர்கள்? ‘ராசப்பன், எனக்குக் கண் தெரியவில்லை, நீ இல்லாமல் ஆட முடியாது’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்பதை நான் ஒருநாளும் தர்மம் என்று சொன்னதில்லை. கேட்காமல் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். கண்ணுக்காக நான் உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கண்ணுக்கும் அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அட்டை பொய். அது பொய்யாகவே இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. குழுவிலிருந்து விலகிய அன்றே என் மகள் யாழினியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, இலங்கையில் நாலு மைதானங்களுக்கு நானே இங்கிலீஷில் எழுதினேன். யாழினி திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். எழுதியது இதுதான்: எனக்கு வயது எழுபது. சொந்தமாகக் கற்றவன். மணல் பிரவுனில் மட்டுமே ஆடியிருக்கிறேன். புல்லில் ஒருநாளும் ஆடியதில்லை. என் எண் இருபத்தேழு. ஆட விடுவீர்களா?

மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒரு மைதானம், இருபத்தேழுக்கு இடமில்லை என்றது. அது அவர்கள் விதி. சரி. இன்னொன்று, எந்த எண்ணாக இருந்தாலும் வரலாம் என்றது. மலை மேல் உள்ள மூன்றாவது, வாரநாளில் பிற்பகல் வாருங்கள், கூட்டம் இருக்காது, ஆனால் குளிரும் என்றது. கூடவே, மணல் பிரவுனில் பந்து எப்படி ஓடும் என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு பக்கம் பதில் எழுதினேன்.

இருபத்து நாலு என்பது பெனடிக்ட் தன் குழுவின் கோப்பைப் போட்டிக்காகப் போட்ட வேலி. நாட்டுக்கே போட்ட வேலி இல்லை. நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருப்பேன். இருபத்து மூன்று அடி மிச்சமாகியிருக்கும்.

ஆகவே நடக்க வேண்டியது:

நீங்கள் திங்கட்கிழமை காலை சகாயநாதனிடம் போக வேண்டும். மூன்று அட்டையும் பொய் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் கண்ணைக் காரணமாகச் சொல்லக் கூடாது. நான் கூட வருவேன். வாசலில் நிற்பேன், உள்ளே வர மாட்டேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், வெளியே வரும்போது அவர்கள் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சகாயநாதன் 21 என்ற சான்றிதழை ரத்து செய்து, 27 என்று புதிதாகக் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும். ஒரு மாதம் ஆட விடமாட்டேன் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியோடு முடிகிற மாதிரி போடச் சொல்லுங்கள்.

பெனடிக்ட் குழுவிலிருந்து உங்கள் பெயரையும் எடுத்துவிட வேண்டும். உங்களைத் தனியாகப் போக விடுவதாக இல்லை. விமானச் சீட்டு மட்டும் அவரிடமே வாங்கலாம், அவர் நல்ல மனுஷன்தான். பிப்ரவரி 10, திங்கட்கிழமை. நாலு பேர். கண்டியிலிருந்து மலைக்கு ரயிலில் நாலு ஜன்னல் சீட்டு என்று அவரிடம் கறாராகச் சொல்லுங்கள்.

குமுதவல்லி அம்மா டாக்டரைக் கேட்டு அடுத்த ஊசியை ஜனவரிக்குள் போட்டுவிட ஏற்பாடு செய்ய வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் உங்களை அலைய விடக் கூடாது. அவர்களும் இருசம்மாளும் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போவதாக எங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். அதில் நாம் தலையிட வேண்டாம்.

இருசம்மாள் ஸ்வெட்டர் எடுக்க மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போயிருக்கிறாள். திருச்சியில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரன் சிரிக்கப் போகிறான். அவள் பதில் சொல்லிக்கொள்வாள்.

நான் இரண்டு பேர் அட்டையையும் எழுதுவேன். விதிப்படி என் அட்டையை நீங்கள்தான் எழுத வேண்டும். எண்ணை நான் சொல்ல, நீங்கள் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லி, நான் எழுத, கடைசியில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். இதை அந்த மைதானத்துக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

பந்து எங்கே விழுந்தது என்று சொல்வதும் என் பொறுப்பு. அதற்காக நீங்கள் எனக்கு நன்றி சொல்லக் கூடாது. நீங்கள் அடித்த பிறகு என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பந்து போன திசையைப் பாருங்கள். தெரியாவிட்டாலும் அங்கேயே பாருங்கள். நான் சத்தமாகச் சொல்கிறேன்.

ராசப்பன்